ஸ்டேபிள் என்றால் சீராக

1

இந்தக் கதை ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டதில் தொடங்கியது. மும்பை செம்பூரில் நான் வேலை பார்க்கும் மொழிபெயர்ப்பு ஆபீசுக்கும் பக்கத்து இன்ஷூரன்ஸ் ஏஜென்சிக்கும் சாப்பாட்டு மேசை ஒன்றுதான். ஏஜென்சியில் வேலை செய்யும் தாராவிப் பெண் அனிஷா ஒரு மதியம் கேட்டாள்: "மேடம், ஸ்டேபிள்னா தமிழ்ல கரெக்டா என்ன?"

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. யாராவது சொல் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். நிலையான, உறுதியான, திடமான, மாறாத, சீரான என்று அடுக்கினேன். விலைவாசி ஸ்டேபிள் என்றால் ஏறாமல் இருப்பது. அரசாங்கம் ஸ்டேபிள் என்றால் கவிழாமல் இருப்பது. மேசை ஸ்டேபிள் என்றால் ஆடாமல் நிற்பது. குதிரை லாயத்துக்கும் இதே சொல்தான் என்று சொல்லிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஐசியூல சொன்னா?" என்றாள்.

2

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "இன்னாசிமுத்து தொண்ணூறு அடி ரோட்டில் சரிந்து விழுந்தபோது, மாலை வெயில் பட்டறைகளின் தகரக் கூரைகளில்—"

வேண்டாம். மனிதர் விழுந்து கிடக்கிறார், வாக்கியம் கூரையை வேடிக்கை பார்க்கிறது.

பிறகு: "மொழி என்பது ஒரு—"

இது அதைவிட மோசம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இன்னாசிமுத்து அனிஷாவின் அப்பா. தாராவியில் ஒரு பட்டறையில் கைப்பைகளுக்குத் தோல் வெட்டுகிறவர். வேலை முடிந்து திரும்பும்போது விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஐசியூவில் சேர்த்தார்கள். அவர் மனைவி சவரியம்மாள், மாட்டுங்காவில் வீடுகளில் சமையல் வேலை பார்ப்பவள், கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் டாக்டர் ராஹில் வெளியே வந்து, "அபி ஸ்டேபிள் ஹை", அதாவது இப்போதைக்கு ஸ்டேபிள், என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியின் ஆட்களிடம் போய்விடுவார்.

மூத்த மகன் சாஜன் குவைத்தில் டிரைவர். தன் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை என்று அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். செய்தி கேட்டதும் அவனே போன் செய்தான்.

"வரட்டுமாம்மா? கேட்டா லீவு குடுப்பான்."

"ஸ்டேபிளா இருக்காருன்னு சொல்லுதாவ."

"அப்படின்னா?"

சவரியம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே மகளைப் பார்த்தாள். "ஏட்டி, அப்படின்னா என்ன?"

"சீரா இருக்காருன்னு அர்த்தம்மா."

"சீராத்தான் இருக்காராம்ல. நீ வேலயக் கெடுத்துக்கிட்டு வராண்டாம்."

(இங்கே ஓர் இடைக்குறிப்பு. சீராக என்பது அகராதிப்படி தப்பில்லை. நானும் அதைத்தான் போட்டிருப்பேன், பலமுறை போட்டும் இருக்கிறேன். டாக்டர் சொன்னதும் தப்பில்லை; காலையில் இருந்த நிலைமை மாலையிலும் மோசமாகவில்லை என்றார். கிணற்றின் அடியில் கிடப்பவனும் ஸ்டேபிள்தான். இனிமேல் விழ இடமில்லை.)

ஓரிரு நாளில் இன்னாசிமுத்து போய்விட்டார்.

3

சாஜன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஏர்போர்ட்டிலிருந்து நேரே கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தான். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சீரா இருக்காருன்னு யாரு சொன்னா?"

"நான்தான்ண்ணே. டாக்டர் ஸ்டேபிள்னு சொன்னாரு" என்றாள் அனிஷா.

"என்னய முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூல்ல போட்டாரு. ஒன்னய இங்கிலீஷ் மீடியத்துல படிக்க வச்சாரு. இந்த ஒத்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமப் போறதுக்கா அவ்வளவு ஃபீஸு?"

வீடு நிறைய ஆட்கள். அனிஷா அம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, 'அவ என்னல செய்வா' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சவரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனுக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள்.

அன்றிலிருந்து அம்மா தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாள் அனிஷா. ஒரே அறை வீடு. சோறு போட்டு மூடி வைத்துவிட்டு அம்மா திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். டாக்டரையே கேட்டுவிடலாம் என்று அனிஷா ஆஸ்பத்திரிக்கும் போனாளாம். அவர் அவசரமாக எங்கோ போய்க்கொண்டிருந்தார். "ஸ்டேபிள் மத்லப் ஸ்டேபிள்" என்றாராம். ஸ்டேபிள் என்றால் ஸ்டேபிள்தானாம்.

அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அர்த்தம் இல்லை, தீர்ப்பு. சரியான தமிழ்ச் சொல் ஒன்று இருந்து, அதை அவள் தவறவிட்டிருந்தால் குற்றவாளி. அப்படி ஒரு சொல்லே இல்லையென்றால் விடுதலை. நான் குதிரை லாயம் வரைக்கும் போய்வந்தேன்.

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் சாஜன் திரும்பிப் போகும் நாளில் தங்கையிடம் சொல்கிறான்: "வரவேண்டாம்னு யாராவது சொல்லமாட்டாங்களான்னுதான் நானும் போன் பண்ணினேன்." எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அவன் அப்படிச் சொல்லவில்லை. பட்டும்படாமல் டாட்டா சொல்லிவிட்டு டாக்சி ஏறினான்.

இன்னொன்றில் அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து— கிழித்துப் போட்டேன்.

எழுத எழுத எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. சவரியம்மாள். மராத்திக்காரியிடம் மராத்தியில் மீன் விலை பேசுகிறவள், மாட்டுங்கா மாமிகளின் இங்கிலீஷைக் கேட்டுச் சமைக்கிறவள், ஸ்டேபிள் என்றால் என்ன என்று மகளைக் கேட்டாளா? தாராவியில் இத்தனை வருஷமாக அந்தச் சொல் அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்? இந்தப் பாத்திரம் நிற்கவில்லை என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.

அப்போதுதான் அனிஷா, சர்ச்சில் நடக்கும் அப்பாவின் நினைவுப் பூசைக்குக் கூப்பிட்டாள். போனேன்.

5

பூசை முடிந்து வீட்டில் டீ கொடுத்தார்கள். வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க அனிஷா போயிருந்தாள். சவரியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கேட்கவேயில்லை, அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஒங்ககிட்ட எல்லாஞ் சொல்லியிருப்பா."

"சொன்னா."

"எனக்கு அர்த்தம் தெரியாமலா கேட்டேன்னு நெனைக்கியம்மா? மூக்குல டியூப்பு, வாயில டியூப்பு. கண்ணால பாக்கேன்லா."

"அப்போ சாஜனை வரச்சொல்லியிருக்கலாமே?"

"வான்னு சொல்ல வாய் வரல. அவன் வந்து நின்னா இவரு போயிருவாருன்னு தோணிச்சு. பிள்ளையக் கூப்பிட்டுட்டா அப்புறம் எதுக்கு உசுரப் புடிச்சிட்டுக் கெடக்கப் போறாரு?" டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "அவளச் சொல்ல வச்சேன். அவ சொன்னதும் எனக்குத் தெம்பா இருந்திச்சு."

"இதை அனிஷாகிட்ட சொல்லிடுங்களேன். குமைஞ்சு போயிருக்கா."

"சொல்லலாம். அவ அண்ணங்கிட்ட சொல்லாம இருப்பாளா? அவனுக்கு அப்பன் மொகமும் பாக்கக் கெடைக்கல. நான்தான் தடுத்தேன்னு தெரிஞ்சா இந்தப் பக்கமே திரும்பமாட்டான். அவ எங்கூடவேதான் இருக்கா. எங்க போயிரப் போறா?"

"அவகூடப் பேசவாவது செய்யலாமே."

"அவ மொகத்தப் பாத்தா நான் சொல்லிருவேம்மா. அதான் பாக்கல."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சவரியம்மாள் எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

6

பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். ஆனால் பெயரை மாற்றினால் போதுமா? சாஜன் தமிழ் மீடியம். ஒரு எழுத்து விடாமல் வாசிப்பான். அம்மாவின் பேச்சை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவான். யாருக்காக இதை எழுதினேனோ அந்த அனிஷாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.

ஐந்தாம் பகுதியை எடுத்துவிட்டால், செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு அனிஷா அந்த ஓர் அறையிலேயே இருப்பாள். விட்டுவைத்தால் சவரியம்மாளுக்கு மகன் இருக்கமாட்டான். சொல் தேடுவதுதான் என் தொழில். இதற்கு என்னிடம் சொல் இல்லை.

"கதை முடிஞ்சுதா மேடம்? எனக்கு வாசிச்சுக் காட்டுவீங்களா? அம்மா என்ன சொல்றான்னு நீங்க எழுதியிருக்கத மட்டுமாவது" என்று நேற்று கேட்டாள்.

இப்போது மதியம். அனிஷா என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. நான்காம் பகுதி வரை வாசித்துவிட்டேன். 'பூசைக்குக் கூப்பிட்டாள். போனேன்' என்ற வரியில் நிறுத்தியிருக்கிறேன்.

"அப்புறம்?" என்கிறாள்.

அடுத்த தாள் என் கையில் இருக்கிறது. அவள் இன்னும் கேட்காத ஐந்தாம் பகுதியை நீங்கள் படித்துவிட்டீர்கள்; வாசிக்கட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.