தகடு இறங்காத படகு

மாதா தானாகவே கரை சேர்ந்தாள் என்று எங்கள் தீவில் மரைன் ஹில் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மரத்தில் செய்த சுரூபம், மிதக்காமல் என்ன செய்யும்? என் அண்ணன் லூர்துநாதன் மரத்தில் செய்தவன் இல்லை.

அவன் படகு எங்கள் ஆட்கள் ஓட்டுகிற வள்ளம் மாதிரிக் கிடையாது. மெயின்லாந்துக்கு மாற்றலாகிப் போன ஓர் இன்ஜினியர் அவனிடம் விற்றுவிட்டுப் போன பாய்ப்படகு. ஜீப் சக்கரம் பூட்டிய இரும்பு வண்டியில் வீட்டு வாசலில்தான் நிற்கும். வேண்டும்போது ஜீப்பில் கட்டி இழுத்துப்போய், கரைச்சரிவில் வண்டியோடு தண்ணீருக்குள் தள்ளினால் மிதந்துவிடும். அதன் நடுவில் ஒரு மரக்கூடு, கூட்டுக்குள் கனத்த இரும்புத் தகடு. கரையில் கயிற்றை இழுத்துத் தகட்டைத் தூக்கிவைக்க வேண்டும். ஆழத்துக்குப் போனதும் படகின் அடி வழியாகத் தண்ணீருக்குள் இறக்கிவிட வேண்டும். இறக்காமல் பாய் விரித்தால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளும். கொஞ்சம் அழுத்தினால் கவிழ்த்தே விடும்.

"என்னல, ஒன் போட்டு நாக்க நீட்டிக்கிட்டுப் போவுது" என்று கரையில் கேலி பேசுவார்கள். "ஒங்க வள்ளத்துக்கு நாக்கே இல்ல மாமா, அதான் ஒங்க வீட்டுல அத்த பேசுதாவ" என்பான் அண்ணன்.

ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு மெக்கானிக் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் அவனும் கடலில் இருப்போம். அவன் சுக்கான் பிடிப்பான், தகட்டுக் கயிறு என் கையில். "எறக்கு ரீத்தா" என்பான். தகடு இறங்கியதும் படகு தள்ளாட்டத்தை விட்டு நிமிர்ந்து ஓடும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே தெரியும்.

எங்கள் கரைக்காரர்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வரும்போது மாதாவையும் கொண்டுவந்தார்கள், திருநாள் தேதியையும் கொண்டுவந்தார்கள். ஊரில் ஆகஸ்ட் தொடக்கத்தில் மழை கிடையாது. இங்கே அது நடு மழைக்காலம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடலில் கறுத்துக்கொண்டு காற்று வந்து விழும். தேதியை மாற்றுங்கள் என்று கோயில் கமிட்டியில் ஒருமுறை சொன்னேன். கமிட்டித் தலைவர் கஸ்பார் மாமா, "அரே சோடோ, விடும்மா. பி.ஏ. படிச்ச புள்ள மாதாவுக்கே காலண்டர் பாக்குதா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் அப்பா அடைக்கலசாமி சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பாவின் குனிந்த தலைதான் எல்லாவற்றுக்கும் காரணம். மகளைக் கல்யாணம் கட்டிக்கொடுக்காமல் காலேஜுக்கு அனுப்பியவர், மகனைத் துரைமார் விளையாட்டுச் சாமானில் காசைக் கொட்டவிட்டவர். கரையில் அவருக்கு இருந்த பெயர் அதுதான். இந்த வருஷம் கமிட்டி வந்து, வெள்ளைப் பாய் விரித்த படகில் மாதா பவனி போனால் படகுத்துறை ஜெட்டியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எடுப்பாக இருக்கும், உன் மகன் போட்டைக் கொடு என்று கேட்டது. அப்பா அன்றைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு இரண்டு தடவை கடைத்தெருவுக்குப் போய்வந்தார்.

திருநாள் காலையில் கரையில் படகை அலங்கரித்தார்கள். மாதாவுக்கு மேடை போட வேண்டும். மேடை நடுவில்தான் இருக்க வேண்டும். நடுவில் தகட்டுக்கூடு இருக்கிறது. கூட்டின் மேலேயே பலகை பரப்பினார்கள். தகடு தூக்கிய நிலையில் உள்ளே. அதன் கயிறும் கொக்கியும் பலகைக்கு அடியில்.

"மாமா, மேடைய முன்னால தள்ளிப் போடுங்க. தகட்ட எறக்கணும்" என்றான் அண்ணன்.

"மாதாவ ஓரத்துலயால ஒக்காத்துவாவ?" என்றார் கஸ்பார் மாமா.

"ஒரு ஓட்டையாவது போடுங்க" என்றேன். "கயிறு வெளிய வரட்டும்."

"ஏட்டி, சும்மா கெட. மாதா காலடியில ஓட்டையா?"

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கையில் சுத்தியல் இருந்தது. "துறைமுகத்துக்குள்ளதானல போயிட்டு வரப்போற" என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "சரிப்பா, மெதுவாப் போறேன்" என்றான். அப்பாதான் ஆணி அடித்தார்.

பெண்கள் மாதா படகில் ஏறக்கூடாது. நான் பின்னால் போன வள்ளத்தில் அம்மாவோடு இருந்தேன். கஸ்பார் மாமாவும் கொடி பிடித்த இரண்டு பேரும் அண்ணனோடு. ஜெட்டியைத் தாண்டும்வரை பாட்டுச் சத்தம்தான். அதற்குப் பிறகு மலை மறைப்பு இல்லை. மேற்கே கறுத்தது.

படகு பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்ததை முதலில் நான்தான் பார்த்தேன். அண்ணன் பாயை இறக்கப் பார்த்தான். பூமாலையும் கொடிக்கயிறும் பாய்க்கயிற்றோடு சிக்கியிருந்தன. பாதியில் நின்றுவிட்டது. அவன் சுக்கானை விட்டுவிட்டு நடுவுக்குத் தாவி, கடப்பாரை மாதிரி எதையோ எடுத்து மேடைப் பலகைக்குள் கொடுத்து நெம்பினான். தகட்டை இறக்கிவிட்டால் போதும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

கஸ்பார் மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கரையில் இறங்கும்வரை மாதா இருக்கையில் யாரும் கைவைக்கக்கூடாது. அது எங்கள் வழக்கம். "மாமா, விடுங்க, விடுங்க" என்று அண்ணன் சொன்னது காற்றில் எங்கள் வள்ளம்வரை வந்தது. அடுத்த காற்றில் படகு கவிழ்ந்தது.

மூன்று பேரை வள்ளத்தில் இழுத்துப் போட்டோம். மாதா மிதந்துபோனாள். அண்ணனைப் பாய்க்கு அடியிலிருந்து எடுக்க நேரமாகிவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கமிட்டி வீட்டுக்கு வந்தது. படகை இழுத்துக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே நிறுத்தியிருந்தோம், மேடைப் பலகையோடு. கஸ்பார் மாமா கண் கலங்கத்தான் பேசினார். அதில் பொய் இல்லை. "மச்சான், மாதா அவன எடுத்துக்கிட்டா. அந்தப் போட்டக் கோயிலுக்குக் குடுத்துரு. வாசல்ல வைப்போம். பிள்ள பேரு நெலைக்கும்."

அப்பா யோசித்துச் சொல்வதாக எழுந்து உள்ளே வந்தார். அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். முப்பது நாளாக அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏட்டி, நெசத்தச் சொல்லு. தகடு கீழ எறங்கியிருந்தா பிள்ள பொழச்சிருப்பானா?"

இல்லை, அந்தக் காற்றுக்கு எதுவும் நின்றிருக்காது என்று சொல்லியிருக்கலாம். அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. ஆனால் நான் சொல்லாவிட்டால் அந்தப் படகு கோயில் வாசலில் மாதா செய்த புதுமையாக, அற்புதமாக நிற்கும். அடுத்த வருஷம் வேறு எவன் மகனோ மாதாவைத் தூக்கிக்கொண்டு அதே தேதியில் போவான்.

"பொழச்சிருப்பான்பா" என்றேன். "போட்டு நிமிந்து ஓடியிருக்கும். கவுந்தே இருக்காது."

அம்மா கையிலிருந்த அகப்பையால் என் தோளில் அடித்தாள். "பெத்தவருட்ட இதச் சொல்லத்தான் பி.ஏ. படிச்சியா, பாவி?"

"அவள விடு கிளாரா" என்றார் அப்பா. "கேட்டது நான்."

அவர் வெளியே போனார். "போட்டு கெடையாது மச்சான்" என்று சொன்னது கேட்டது. கமிட்டிக்காரர்கள் எழுந்து கிளம்பினார்கள். செருப்புச் சத்தம் சரிவில் இறங்கிப் போயிற்று.

நான் ஜன்னலுக்குப் போனேன். அப்பா சக்கரத்தில் கால் வைத்துப் படகுக்குள் ஏறிக்கொண்டிருந்தார். அடக்கத்தன்று அழாத மனிதர், மேடைப் பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தெருவே கேட்க அழுதார். அம்மா போய் அவரைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.