பதினேழாவது படம்

இந்த ஆள் இன்னொரு தடவை 'அம்மா' என்று கூப்பிட்டால் மடிக்கணினியைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டுவிடுவேன்.

அப்படி நினைத்துக்கொண்டேதான், கண்காட்சிச் செயலாளர் நீட்டிய குளிர்பானத்தை வாங்கி மேசைமேல் வைத்தேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே நிச்சயமில்லை.

வேளாண் கண்காட்சியின் அலுவலக அறை அது. தகரக் கூரையின் சூடு உச்சந்தலையில் இறங்கியது. உறை பிரிக்காத பரிசுக் கோப்பைகள் மூலையில் குவிந்திருந்தன. டிராக்டர் போட்டி பத்து நிமிடத்தில் தொடங்கும் என்று வெளியே ஒலிபெருக்கி உற்சாகமாகக் கூவியது. ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு உடைந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"அந்தப் பதினேழாவது படம் மட்டும் போதும்மா. மத்ததை அழிச்சிடுங்க. எதுக்கு வீணா?" என்றார் செயலாளர்.

"அழிச்சிடுவா சார்," என்றான் அண்ணன், எனக்கும் சேர்த்து. ஸ்டுடியோ அவனுடையது. நான் அங்கே படம் எடுப்பவள்.

திரையில் பதினேழாவது படம். காட்சி வளையத்தில் காளையை நடத்தி வந்தவளின் வலது கை விரிந்திருக்கிறது. கயிறு அந்தரத்தில் நிற்கிறது. யார் பார்த்தாலும், பிடியை விட்டுவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். செயலாளரும் அறிக்கையில் அதையே எழுதியிருந்தார்: கவனக்குறைவு. அதனோடு இந்தப் படமும் சேர்ந்து போனால், இனி எந்தக் கண்காட்சியிலும் அவளை மாட்டோடு உள்ளே விடமாட்டார்கள்.

ஆனால் ஓடுவதையும் துள்ளுவதையும் எடுக்கும்போது நான் ஒரு படத்தோடு நிறுத்துவதில்லை. விரலை அழுத்தினால் அழுத்தியதுதான். மூன்று நொடியில் முப்பது. நாலாவது படத்தின் ஓரத்தில் செயலாளர் தடுப்புக் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, கூட்டத்தை உள்ளே வரச் சொல்லிக் கையசைக்கிறார். பன்னிரண்டில், பின்னாலிருந்து நெருக்கியதில் ஒரு பெரியவர் காளையின் முன்னால் தடுமாறி வருகிறார். பதினேழில் கை விரிகிறது. பத்தொன்பதில் அதே கை பெரியவரின் நெஞ்சில் இருக்கிறது. அவரைப் பிடித்துத் தள்ளுகிறது. இருபத்துநாலில் காளை திரும்பிவிட்டது. அவள் தரையில் கிடக்கிறாள்.

காலையில் கொட்டகையில் அவள் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்ததும் பெயர் வைத்துவிட்டாள்.

"என்ன கண்ணாடி, என்னையும் சேர்த்தா எடுக்கற? வயித்தை உள்ள இழுத்துக்கட்டா?"

"யாரு, நீங்களா, அவனா?" என்று காளையைக் காட்டினேன்.

"அவன் சொன்னா கேப்பானா? நான்தான் பட்டினி கிடக்கணும்."

அந்தச் சிரிப்பை நான் எடுக்கவில்லை. அதற்குள் செயலாளர் கூப்பிட்டுவிட்டார்.

அண்ணன் என்னைக் கதவோரம் இழுத்துப்போனான்.

"நாலு வருஷமா நம்மளத்தான் கூப்பிடறாங்க. நீ கெடுத்துடாத. அவ என்ன உன் கூடப்பொறந்தவளா?"

"இல்ல. கூடப்பொறந்தது நீதான். அதான் பொறுத்துக்கிட்டு நிக்கறேன்."

"அந்தப் படத்துல கை விரிஞ்சுதானே இருக்கு? அது பொய்யா?"

"பொய் இல்லண்ணா. அதுதான் எனக்கு வயிறு எரியுது."

அவனுக்குப் புரியவில்லை. இன்னொன்றை நான் அவனிடம் சொல்லவும் இல்லை. போன வாரம் இதே அறையில், பழைய படங்களைப் புரட்டிக்கொண்டே, கூட்டம் வந்தும் காலியாகத் தெரிகிறதே என்று செயலாளர் அலுத்துக்கொண்டார். "ஜனங்க வளையத்தை ஒட்டி நின்னா நிறைஞ்ச மாதிரி தெரியும் சார்," என்றவள் நான்தான். நீள லென்ஸைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் போய் எடுத்திருந்தால், யாரும் ஓரடிகூட நகராமலே கூட்டம் நெருக்கமாகத் தெரிந்திருக்கும். அது எனக்குத் தெரியும். வெயிலில் அந்த எடையைச் சுமக்கச் சோம்பல். அவருடைய கை கயிற்றைத் தூக்கியது என்றால், தூக்கலாம் என்ற யோசனை என் வாயிலிருந்து போனது. இத்தனை நேரம் அவர்மேல் பொங்கிய கோபத்தில் பாதி யாருடையது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் இருந்தது. இப்போது பார்த்துவிட்டேன். கோபம் குறையவில்லை.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். செயலாளர் அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார்.

"படம் எடுத்தவங்கன்னு கீழ ஒரு கையெழுத்து போடுங்க. அப்படியே அந்த கேமரா கார்டையும் குடுத்துடுங்கம்மா. நாங்களே பாத்துக்கறோம்."

"அந்தப் பெரியவர் எப்படி இருக்கார் சார்?"

"அவருக்கென்ன, ஒரு கீறல்கூட இல்ல. டிராக்டர் பாக்க முன் வரிசையில உக்காந்திருக்கார்."

"அவரைப் பத்தி இதுல ஒரு வரிகூட இல்லையே."

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?"

"ஜனங்களைக் கிட்ட நிக்க வைக்கச் சொன்னது நான். அதையும் எழுதுங்க."

அண்ணன் என் பெயரைச் சொல்லி அதட்டினான். செயலாளர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"உங்களை யாரும்மா குத்தம் சொன்னா? நல்லதுக்குத்தானே சொல்றேன். கார்டைக் குடுங்க."

மேசைக்கு மேல் அவர் உள்ளங்கை விரிந்து காத்திருந்தது. மடிக்கணினியை மூடினேன். கத்தப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரல்தான் வந்தது.

"இல்ல சார். தரமாட்டேன்."