வெயிட்டிங் லிஸ்ட் நம்பர் இரண்டு

எங்கள் கல்லூரியின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் ஒழுங்காக வேலை செய்கிற மைக்ராஸ்கோப் ஒன்றுதான் இருந்தது. வகுப்பில் இருபது பெண்கள். வரிசையில் நின்று பார்க்க வேண்டும். நான் எப்போதும் கடைசியில் நிற்பேன். முன்னால் நிற்பவளிடம் "பார்த்தாச்சா?" என்று கேட்க எனக்கு வாய் வராது. என் முறை வரவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும். இரண்டு வருடத் தாவரவியலில் நான் மிக நெருக்கமாகப் பார்த்தது முன்னால் நின்ற பெண்ணின் சடையைத்தான்.

அதனால் கல்யாணசுந்தரி மேடம் அந்த அறிவிப்பை வகுப்பில் வாசித்தபோது எனக்கு ஒரே ஒரு வரிதான் காதில் விழுந்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் கோடை விடுமுறையில் இளங்கலை மாணவர்களைப் பத்து வாரம் அழைத்துவைத்து ஆராய்ச்சி கற்றுத் தருகிறது. வெளிநாட்டு மாணவர்கள் நான்கு பேருக்கு இடம். விமானச் செலவு அவர்களுடையது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. காதில் விழுந்த வரி: "ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி மைக்ராஸ்கோப்."

"யாராவது போடுறீங்களா?" என்று மேடம் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றேன்.

"என்ன நாகவல்லி, லேப் சாவி வேணுமா?"

"இல்ல மேடம்."

"பின்னே?"

மேசைமேல் கிடந்த அறிவிப்பைக் காட்டினேன்.

"நீயா?" என்றார். தவறாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பத்தில், விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதச் சொல்லியிருந்தார்கள். எனக்கு விடை தெரியாத கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேறு யாருக்கும் விடை தெரியாத கேள்வி ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அது எங்கள் தெருக்கோடி ஊருணியைப் பற்றியது.

அது குடிதண்ணீர் ஊருணி இல்லை. துணி துவைக்கவும் பாத்திரம் விளக்கவும் உள்ளது. மூன்று பக்கம் படித்துறை. கிழக்குத் துறையில் தெருவே கூடியிருக்கும். பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அங்கே போனால் யாராவது என்னை ஏதாவது கேட்பார்கள். அதனால் நான் யாரும் இறங்காத மேற்குத் துறையில் பாத்திரம் விளக்குவேன். ஆள்முகம் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்றைக் கவனித்தேன். மேற்குத் துறையில் மட்டும் படிக்கற்களைச் சுற்றி வருடம் முழுவதும் பச்சைப் பாசி. கிழக்கிலும் வடக்கிலும் இல்லை. ஒரே ஊருணி, ஒரே தண்ணீர். ஏன்?

மேற்குப் படிகள் செம்புறாங்கல். அந்தக் கல்லிலிருக்கும் இரும்புதான் காரணம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். எழுத்தில் நான் மிகவும் தைரியசாலி. மேடம் வாசித்துவிட்டு, "இதை எழுதினது நீதானா?" என்று மறுபடியும் கேட்டார்.

ஏப்ரலில் பதில் வந்தது. நான்கு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவர்களில் யாராவது வராவிட்டால் அழைப்பதற்கு வரிசையில் நான் இரண்டாவது. மேடம் அதை அப்பாவுக்கு விளக்கினார். "வெயிட்டிங் லிஸ்ட் மாதிரிங்க. நம்பர் ரெண்டு."

அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பா காரைக்குடி ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க்.

"ரெண்டா?" என்றார் அப்பா. முகம் மலர்ந்துவிட்டது. "வெயிட்டிங் லிஸ்ட் ரெண்டு ஏறாமப் போனதா என் சர்வீஸ்லயே கிடையாதுங்க மேடம். பதினெட்டு, இருபதுன்னாத்தான் நான் யோசிக்கச் சொல்லுவேன்."

"இது ரயில் இல்லைங்களே."

"எதுவா இருந்தா என்னங்க? நாலு பேருன்னு இருந்தா ஒருத்தனுக்குக் காய்ச்சல் வரும், ஒருத்தன் வீட்டுல கல்யாணம் வரும். இது உலக வழக்கம்."

நான் வீட்டுக்கு வந்து, "அப்பா, இன்னும் முடிவாகலப்பா" என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். என் குரல் அடுப்படியைத் தாண்டிப் போவதில்லை என்று அம்மா அடிக்கடி சொல்வாள்.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர், "நிமிருங்க தங்கச்சி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய்ப் பொத்தானை அழுத்தினார். அந்தப் படத்தில் என் வகிடு மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

அடுத்தது பயணம் சொல்லிக்கொள்வது. கடல் தாண்டிப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். திருநீறு பூசி அனுப்புவார்கள். அப்படிச் சொல்லிக்கொண்ட வீட்டுக்கு, பயணம் போய் வராமல் மறுபடி படியேறக் கூடாது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆட்கள் போன காலத்திலிருந்து அப்படித்தான். பஞ்சாங்கத்தில் வைகாசியில் ஒரு நாள்தான் எனக்குத் தோதாக இருந்தது. அதை விட்டால் நல்ல நாள் கிடையாது என்று அப்பா அவசரப்பட்டார்.

"கடுதாசி வரட்டுமேங்க" என்றாள் அம்மா.

"கடுதாசி வந்தப்புறம் நாள் பாத்தா பிளேன் போயிரும். வண்டி வாரதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துல நிக்கணும். அதான் முறை."

தெரு முழுக்கப் போனோம். அப்பா முன்னால், நான் பின்னால். எல்லா வீட்டிலும் அப்பாதான் பேசினார். அடுத்த வீட்டு ராக்காயி அக்கா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "அண்ணே, இந்தப் புள்ள அங்க போயி என்ன பாஷையில பேசும்?"

"இங்கிலீஷுலதான்."

"தமிழ்லயே பேசி நாங்க கேட்டதில்லையே!"

கடைசியாகக் கண்ணம்மை ஆச்சி வீடு. எங்கள் பக்கத்தில் ஆச்சி என்றால் பாட்டி இல்லை, மரியாதைக்குக் கூப்பிடுவது; அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தெருவில் யாரையும் கேலி செய்யாமல் விட்டதில்லை.

"வாங்க பூமிநாதன், உக்காருங்க. ஏண்டி நாகவல்லி, அங்குட்டுப் போயி என்ன செய்யப் போறே?"

அப்பா வாயைத் திறப்பதற்குள், "உங்களக் கேக்கல, அவளக் கேக்குறேன்" என்றார் ஆச்சி.

"பாசி, ஆச்சி" என்றேன்.

"என்னது?"

"ஊருணிப் பாசி பத்திப் படிக்க."

"நம்ம ஊருணிப் பாசியப் பாக்கவா அமெரிக்கா? அதுக்கு எதுக்குடி பிளேனு? செருப்பே வேண்டாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குமே சரியான கேள்வியாகத்தான் பட்டது. தனி மைக்ராஸ்கோப் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. ஆச்சி ஒரு டப்பா நிறையச் சீப்புச் சீடை கொடுத்தார். எனக்கில்லை, பினாங்கிலிருக்கும் அவர் தம்பிக்கு. "வழியில இறங்கிக் குடுத்துட்டுப் போ." அப்பா உடனே வாங்கிக்கொண்டார். பினாங்கு வழியில்தானா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. சொல்லிக்கொண்டவள் தெருவில் திரிந்தால் பயணம் தடைப்படும். அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கிழக்குத் துறைக்குப் போக ஆரம்பித்தாள். அவளுக்கு அங்கே பேச ஆள் உண்டு. எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. யாரையும் பார்க்க வேண்டாம் என்று வீட்டாரே கட்டளையிடுவது என்னைப் போன்றவர்களுக்கு எளிதில் கிடைக்கிற வரம் இல்லை.

மே கடைசியில் அமெரிக்காவிலிருந்து இன்னொரு கடிதம். ஒருவர் வரவில்லையாம், அந்த இடம் வரிசையில் முதலில் இருந்தவருக்குப் போய்விட்டது, இப்போது முதலிடம் எனக்கு.

"பாத்தியாத்தா! நகருது பாரு!" என்றார் அப்பா. அன்றைக்கு ஸ்டேஷனில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தாராம்.

எனக்கும் அப்போதுதான் ஆசை முற்றியது. இரவில் படுத்தால் மேசை தெரியும். ஜன்னலோரம். மைக்ராஸ்கோப்பின் பித்தளைத் திருகைக்கூடப் பார்த்துவிட்டேன். எனக்குப் பின்னால் வரிசையே இல்லை.

ஜூன் பத்தாம் தேதி அங்கே பயிற்சி தொடங்கியது. கடிதம் வரவில்லை. தந்தியும் வரவில்லை. நான் அழுதேன். அதையும் சத்தம் போடாமல்தான் செய்தேன். அப்பா அசரவில்லை.

"வண்டி கெளம்பிட்டா என்ன? இங்க ஏறாத ஆளோட சீட்ட அடுத்த ஸ்டேஷன்ல குடுப்பாக. திருச்சி வரைக்கும் பாக்கணும்."

"அமெரிக்காவுல திருச்சி எங்கிட்டு இருக்கு?" என்று அம்மா கேட்டாள். அப்பா தட்டைத் தள்ளிவைத்தார். சாப்பிடாமல் எழுந்து போனார். என்னால் அவரைப் பார்க்கவும் முடியவில்லை.

இப்போது ஒரு புதுச் சிக்கல். தெருவைப் பொறுத்தவரை நான் அமெரிக்காவில் இருந்தேன். அம்மா ஆகஸ்டுவரை என்னை வெளியே விடப்போவதில்லை என்றாள். "அப்பத்தானே பத்து வாரம் முடியுது? அன்னைக்கு வந்துட்டதாச் சொல்லிக்கிருவோம்." ஆனால் ஜூலை முதல் வாரம் கல்லூரி திறக்கிறது. மூன்றாம் ஆண்டு. பிளேனில் மெட்ராஸ் வந்து இறங்காமல், பின்கட்டு வழியாக எப்படிக் கல்லூரிக்குப் போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கும்போது பினாங்குச் சீடையைத் தின்றுகொண்டிருந்தேன். பாதி டப்பா காலி.

ஒரு நாள் மத்தியானம். அப்பா டியூட்டியில். அம்மா படுத்திருந்தாள். அந்த வெயிலில் தெருவில் நாய்கூட இருக்காது. ஒரு மாதத்துக்கு மேலாகத் தண்ணீரைப் பார்க்காமல் எனக்கு என்னவோபோல் இருந்தது. ஊருணிக்குப் போனேன். மேற்குத் துறையில் இறங்கினேன்.

பாசி இல்லை.

செம்புறாங்கல் படிகள் சிவப்பாக, கழுவிவிட்டதுபோல் தண்ணீருக்குள் தெரிந்தன.

"எங்க போச்சு?" என்று கத்திவிட்டேன். உண்மையிலேயே கத்தினேன். எதிர்க்கரையில் துவைத்துக்கொண்டிருந்த ராக்காயி அக்கா துள்ளி எழுந்தாள். அவள் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

"அடியாத்தீ! நாகவல்லியா? அமெரிக்காவுல இருந்து எப்படி வந்தே?"

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. "அக்கா, இங்க பச்சையாக் கெடந்துச்சே, யாராச்சும் சுத்தம் பண்ணாகளா?"

"அங்குட்டு யாரு வாரா? நீ போனதுலேருந்து ஒரு காக்காகூட எறங்கல. அது கெடக்கட்டும், நீ பிளேன்லயா வந்தே?"

நான் குனிந்து படியைத் தடவிப் பார்த்தேன். கல் அதே கல். இரும்பு அதே இரும்பு. தண்ணீரும் வெயிலும் அதேதான். ஒரு மாதத்தில் அந்தத் துறையில் மாறியது ஒன்றே ஒன்று. படியின் இடுக்கில் நான் கடைசியாக விட்டுப்போன தேங்காய் நார் காய்ந்து கிடந்தது. அதில் அடுப்புச் சாம்பல் ஒட்டியிருந்தது.

தினமும் கை நிறையச் சாம்பலைப் போட்டுப் பாத்திரம் விளக்கி, அசையாத தண்ணீரில் அலசிவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான். சாம்பல் உரம் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். கிழக்கிலும் சாம்பல் போடுகிறார்கள். ஆனால் அங்கே நாள் முழுவதும் கலங்கிக்கொண்டே இருக்கிற சோப்புத் தண்ணீரில் பாசி எப்படிப் பிடிக்கும்? ஆக, யாருக்கும் விடை தெரியாத என் கேள்விக்கு விடை நானேதான். கூச்சப்பட்டுத் தனியாக ஒதுங்கி உட்கார்ந்து பாசியை வளர்த்துவிட்டு, இது ஏன் வளர்கிறது என்று அமெரிக்காவைக் கேட்டிருக்கிறேன். அதற்கு விடை என்று இரண்டு பக்கம் இரும்பைப் பற்றி வேறு.

இது ஊகம்தான். நிரூபிக்க வேண்டும். மறுபடி மேற்கில் சாம்பல் போட்டுப் பார்க்க வேண்டும்; வடக்குத் துறையிலும் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத் தினமும் பட்டப்பகலில் தெரு வழியாகப் பாத்திரமும் சாம்பலுமாகப் போக வேண்டும்.

மறுநாள் காலையில் போனேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணம்மை ஆச்சி வாசலிலேயே நின்றிருந்தார். ராக்காயி அக்கா எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

"என்னடி, அமெரிக்கா அவ்வளவுதானா?"

"போகலை ஆச்சி. கூப்பிடலை."

"அப்ப என் தம்பிக்குக் குடுத்த சீடை?"

"தின்னுட்டேன் ஆச்சி."

ஆச்சி இடுப்பில் கையூன்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

"அடி கழுதை! இவ வாயைத் தொறக்காம இருந்ததே நல்லாத்தான் இருந்துச்சு!" என்று சொல்லித் தெரு கேட்கச் சிரித்தார்.

ஆடி முடிவதற்குள் மேற்கில் பச்சை பிடித்துவிட்டது. சில நாட்களில் வடக்கிலும். கல்யாணசுந்தரி மேடத்திடம் இரண்டு பாட்டில்களில் கொண்டுபோய்க் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொள்ளச் சிரமப்பட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து லேப் சாவியை எடுத்துக் கொடுத்தார். "நாலு மணிக்கு மேலே மைக்ராஸ்கோப் சும்மாத்தான் இருக்கு. இதை நீ எப்பவோ கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம்தான்.

அந்த வாரமே அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினேன். என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, காரணம் நான், ஆகவே என் பெயரை வரிசையிலிருந்து எடுத்துவிடலாம் என்று. தபாலில் சேர்க்க அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஸ்டேஷனிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஒட்டாத கடிதத்தை அங்கேயே நின்று வாசித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கேன்சலா பண்றே?"

"பத்து வாரமும் முடிஞ்சு போச்சுப்பா."

"முடிஞ்சா என்ன? அடுத்த வருஷ வண்டி இருக்குல்ல? நம்பர் ஒன்னு, ஆத்தா! நம்பர் ஒன்னுல நிக்கிற எவளாச்சும் தானாக் கேன்சல் பண்ணுவாளா?"

அடுத்த வருடம் நான் பட்டதாரி. இளங்கலை மாணவி இல்லை. அந்த வண்டியில் என்னால் ஏற முடியாது. இதையும் சொன்னேன். இந்தத் தடவை குரல் அடுப்படியைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். அம்மா எட்டிப் பார்த்தாள்.

அப்பா கடிதத்தை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்தார். படுக்கப் போகும் முன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த நம்பர் ரெண்டுல எவன் நிக்கிறானோ, அவனுக்காச்சும் சொல்லி அனுப்புவாகளா?"