அழிக்க அழிக்க ஒரு வரி

சலவை ஆலையின் கணினி அறையில் இருந்த பழைய சர்வருக்குப் பதினொரு வயது. ஆலையில் யார், எந்த நேரத்தில், எந்தக் கணினியில் என்ன செய்தார்கள் என்பதை வரி வரியாக எழுதி வைப்பதுதான் அதற்கு வேலை. அந்த வரிகளுக்கு லாக் என்று பெயர். அதைக் கட்டிக் காத்தவருக்கும் ஆலையில் லாக் சார் என்றே பெயராகிவிட்டது.

பழைய சர்வரில் ஒரு தேதியைத் தேடச் சொன்னால் அரை மணி நேரம் முனகிவிட்டுப் பாதியில் படுத்துவிடும். அதனால் யாரும் எதையும் தேடியதில்லை. ஏதாவது தெரிய வேண்டுமென்றால் லாக் சாரைக் கேட்பார்கள். அவர் சொல்வதுதான் வேதவாக்கு. அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

இப்போது புது சர்வர் வந்துவிட்டது. தேதியைத் தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள், அந்த நாளோடு தொடர்புள்ள அத்தனை வரிகளையும் கொண்டுவந்து கொட்டும். பழைய லாக் முழுவதும் நேற்றே அதற்கு மாறியாகிவிட்டது. இன்று பன்னிரண்டு மணிக்குக் கூட்ட அறையில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். காலையில் மேலாளர் அம்மாள் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"எந்தத் தேதியத் தேடிக் காட்டலாம்னு யோசிச்சேன் சார். மூணு வருஷம் முன்னாடி நம்ம இருட்டு கரண்ட்ட நிறுத்தினானே, அந்த நாளையே தேடுவோம். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கொஞ்சம் சிரிக்கவும் செய்யலாம்."

அவர் போய்விட்டார். லாக் சார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

இருட்டு என்பது ஆலையின் எலக்ட்ரீஷியன். லாக் சாருடைய மனைவியின் தம்பி. அன்று பகல் பதினொன்று நாற்பதுக்கு ஆலையின் முதன்மைக் கணினி அணைந்துபோனது. நாற்பது சலவை இயந்திரங்களும் கதவைப் பூட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரும் படுக்கை விரிப்புமாக நான்கு மணி நேரம் அசையாமல் நின்றன. இரண்டு விடுதிகளில் விருந்தாளிகள் வெறும் மெத்தையில் படுத்தார்கள். அந்த நேரம் பார்த்து மைத்துனன் கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஸ்விட்ச் அறையிலிருந்து வெளியே வந்தான். மேலாளர் லாக் சாரைக் கேட்டார். "கரண்ட் பிரச்சினை மாதிரி இருக்கு மேடம்" என்று அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அவ்வளவுதான், பழியையும் இருட்டு என்ற பெயரையும் ஆலையே மைத்துனனுக்குச் சூட்டிவிட்டது.

உண்மையில் நடந்தது வேறு. லாக் சாரின் திரையில் கட்டளை தட்டுவதற்கான கறுப்புக் கட்டங்கள் இரண்டு, ஒரே மாதிரி திறந்திருந்தன. ஒன்று சோதனைக் கணினிக்கு, மற்றது முதன்மைக் கணினிக்கு. சோதனைக் கணினியை அணைக்கப்போனவர், வாயில் பிஸ்கட்டும் வேறெங்கோ கவனமுமாக, மற்றதில் கட்டளையைத் தட்டிவிட்டார். அவர் பெயர், நேரம், கட்டளை எல்லாம் லாக்கில் பத்திரமாக இருந்தன.

'ஒரே ஒரு நாள். போனால் யாருக்குத் தெரியப்போகிறது?' என்று லாக் சார் புது சர்வரில் அந்த நாளை அழித்தார். அழித்த கையோடு புதிதாக ஒரு வரி முளைத்தது. இந்த நாளின் பதிவுகளை இன்னார் அழித்தார், ஒன்பது பதினேழு. இன்னார் என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு.

அந்த வரியை அழிக்கப்போனார். முதல் வரி அப்படியே இருந்தது, அதன் கீழே இரண்டாவது வந்தது. மேற்கண்ட வரியை அழிக்க இன்னார் முயன்றார். அதை அழிக்கப்போனார், மூன்றாவது வந்தது. சரி, இந்தக் கண்காணிப்பையே நிறுத்திவிடலாம் என்று பார்த்தால், கண்காணிப்பை நிறுத்த இன்னார் முயன்றார் என்பது மட்டும் சிவப்பு எழுத்தில் வந்தது. யாரும் தில்லுமுல்லு செய்ய முடியாதபடி இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவரே அவர்தான். போன வாரம் மேலாளரிடம் அதற்காகப் பாராட்டும் வாங்கியிருந்தார். பத்தரை மணிக்குப் பதினேழு வரிகள் சேர்ந்திருந்தன. லாக் சார் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மைத்துனன் உள்ளே வந்தான்.

"மாமா, பழைய மெஷினோட ஒயரக் கழட்டலாமா?"

"இரு மாப்ள. கூட்டம் முடியட்டும்."

அவன் போகவில்லை. "இன்னைக்கு என் நாளத்தான் காட்டப்போறாங்களாம். எனக்கு முன்னாடியே ஒரு தடவ காட்டுங்களேன்."

"உனக்கு எதுக்கு?"

"நான் என்ன தப்பு பண்ணேன்னு பாக்கணும். அன்னைக்கு நான் தொட்டது விளக்கோட ஸ்விட்ச் பெட்டிய மட்டும்தான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க கரண்ட்டுன்னு சொன்னீங்க. நீங்க பாக்காம சொல்ல மாட்டீங்க. அப்போ எனக்கே தெரியாம என் கை எதையோ தொட்டிருக்கு." அவன் குரலில் குறையொன்றும் இல்லை, சந்தேகம் மட்டும் இருந்தது. "அதுலேந்து என் கை மேலயே நம்பிக்கை போச்சு மாமா. எங்க வீட்டுல ஃபேன் மாட்ட வெளியேந்து ஆள் வெச்சேன். எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு எலக்ட்ரீஷியன். அவன் என்னை ஒரு மாதிரியா பாத்தான்."

இத்தனை நாளும் இருட்டு என்பதை லாக் சார் வெறும் கேலிப்பெயர் என்றுதான் நினைத்திருந்தார். வீட்டில் அவரும் எத்தனையோ தடவை அப்படிக் கூப்பிட்டு, மனைவியிடம் முறைப்பு வாங்கியிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

"பன்னெண்டு மணிக்கு முன் வரிசையில வந்து உக்காரு" என்றார்.

அவன் போனதும், அந்த நாளைப் பழைய சர்வரிலிருந்து மறுபடி நகல் எடுத்துப் புதியதில் ஏற்றினார். இன்னார் மீண்டும் சேர்த்தார் என்று பதினெட்டாவது வரி வந்தது. இந்தத் தடவை அவர் அதைத் தொடவில்லை.

கூட்ட அறையில் மேலாளர் தேதியைத் தட்டினார். சுவர் முழுக்க வரிகள் வந்து நின்றன. "பதினொண்ணு நாப்பது. முதன்மைக் கணினிய அணைத்தவர்..." என்று வாசித்தவர் நிறுத்தினார்.

லாக் சார் எழுந்து நின்றார். "நான்தான் மேடம். கரண்ட் போகவே இல்ல. நான்தான் இடம் மாத்தித் தட்டிட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்."

"கீழ இன்னைக்குத் தேதியில என்னமோ நிறைய இருக்கே?"

"அது இன்னைக்குப் பயந்தது."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மைத்துனன் மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், அந்தப் பதினொண்ணு நாப்பத இன்னொரு தடவ படிங்களேன்" என்றான். அவர் படித்தார். இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னான். மூன்றாவது முறை அவர் நேரத்தையும் பெயரையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

கூட்டம் முடிந்து இருவரும் கணினி அறைக்கு வந்தார்கள். மைத்துனன் பழைய சர்வரின் பின்னால் குனிந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். லாக் சார் பக்கத்திலேயே நின்றார். திட்டுவான், அக்காவிடம் சொல்வான், குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று எதிர்பார்த்தார். அவனோ வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தான்.

"ஏதாவது சொல்லு மாப்ள."

"உங்க மேல கோவம் வரும் மாமா. கண்டிப்பா வரும், பெருசாவே வரும்." அவன் ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். "ஆனா இப்போ சந்தோஷமா இருக்கு. முதல்ல அது முடியட்டும்."

லாக் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார்.