பதில் கோஷம்

சோப்பு ஆலையில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. கொதிகலன் பகுதியில் வேலை, தொண்டை வெண்கலம், அதனால் பேரும் வெண்கலம். ஆலை வாசலில் சங்கம் கூட்டம் போட்டால் முதல் குரல் அவருடையதுதான். "தொழிலாளர் தோழர்" என்று சங்கத் தலைவரைச் சொல்லி இழுப்பார், மீதியைக் கூட்டம் சொல்லும். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. மைக்கெல்லாம் அவருக்குத் தண்டச் செலவு.

இப்போது சங்கத்தின் கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டது. தலைவர் தொழிலாளர் துறை மந்திரி. நல்லதுதானே என்பீர்கள். வந்த நாலாம் மாசமே பேக்கிங் பகுதியைக் காண்ட்ராக்டுக்கு விட அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டார் அந்த மகராசன். அறுபது பெண்களுக்கு வேலை போகிறது. அதில் ஒருத்தி வெண்கலத்தின் மனைவி. அவள் சம்பளத்தில்தான் மகளின் படிப்பு ஓடுகிறது. பெண்கள் ஒன்பது நாளாக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்திலிருந்து ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் சங்கச் செயலாளர் கொதிகலன் பக்கம் வந்தார்.

"இன்னிக்கு மந்திரி வர்றாருண்ணே. புது யூனிட் திறப்பு. வாசல்ல நீங்கதான் குரல் கொடுக்கணும்."

"வாசல்ல என் வீட்டுக்காரி உக்காந்திருக்கா."

"தெரியாமலா வந்தேன்? அண்ணி பேரை மட்டும் லிஸ்ட்லேருந்து எடுத்துடறோம். நம்ம ஆட்சி. நாமளே காலை வாரலாமா?"

கோபம் வரும் என்று வெண்கலம் காத்திருந்தார். வரவில்லை. மீட்டரைப் பார்த்து அழுத்தத்தைக் குறித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். அவள் வேலை தப்பும். அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது.

வாசலின் ஒரு பக்கம் மாலையும் கேமராவுமாகக் கட்சிக்காரர்கள். இன்னொரு பக்கம் தரையில் பெண்கள். மந்திரி வந்தால் வாயே திறப்பதில்லை, அட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். கார் வந்தது. மந்திரி இறங்கினார். வெண்கலம் மனைவி இருந்த பக்கம் பார்க்காமல் கையை உயர்த்தினார்.

"தொழிலாளர் தோழர்..."

"வாழ்க."

அதில் பாதிதான் கட்சிக்காரர்கள் சொன்னது. மீதி தரையிலிருந்து வந்தது. அந்த இடத்தில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்கள், புத்தியைக் கேட்காமலே திறந்துவிட்டன. அவர் மனைவியின் முஷ்டியும் மேலே போயிருந்தது. வேறு யாருடைய கையோ என்பதுபோல அதைப் பார்த்தாள். பிறகு இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கேமராக்கள் அதற்குள் வேலையை முடித்திருந்தன.

"பாத்தீங்களா, எல்லாம் நம்ம பொண்ணுங்க. கோவமே கிடையாது," என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிச் சிரித்துவிட்டு மந்திரி உள்ளே போனார். செயலாளர் வெண்கலத்தின் முதுகில் தட்டினார். சாயங்காலத்துக்குள் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் கலைந்துபோனார்கள். வாழ்க சொன்ன வாயால் இனி யாரிடம் போய் என்ன கேட்பது?

வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் பேரை எடுத்துட்டாங்க. நாளைக்கு நீ வேலைக்குப் போலாம்."

"போறேன்." குழாயை மூடினாள். "நீங்க கத்துனதுகூடப் போகட்டுங்க. நான் பதில் சொன்னேன் பாருங்க. கூப்பிட்டது நீங்கன்னதும் வாய் தானா வந்துடுச்சு. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

காலையில் கத்தியதில் அவருக்குத் தொண்டை கரகரத்தது, அவ்வளவுதான். வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை குளித்து முடித்து, "ஏம்மா, துண்டு," என்று குரல் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அதற்கு "இதோ" என்று பதில் வராத நாள் இல்லை. இன்று வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். வேலைக்குக் கிளம்பிவிட்டாளோ என்று கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தார்.

அவள் துண்டோடு கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். உதடு வெளுக்கும் அளவுக்குப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.