அறுபதாவது மாதிரி

டெல்லியிலிருந்து மாட்டுத் தீவனத்துக்குப் பணம் வந்தது. தீவனம் வாங்க அல்ல. கடையில் விற்கிற தீவனம் நல்லதா கெட்டதா என்று சோதிக்க, மாநிலத்துக்குக் கொடுத்த மானியம். எங்கள் கொடைக்கானல் அலுவலகத்துக்கு இலக்கு அறுபது மாதிரி, மார்ச் முப்பத்தொன்றுக்குள். அதிகாரி ஜெயமுருகன் முதல் வேலையாக ஏரிக்கரை ஓட்டலில் தொடக்க விழா வைத்தார். பிரியாணி நன்றாக இருந்தது. மாடு வளர்க்கிறவர்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை.

பிப்ரவரியில் பள்ளங்கி கிராமத்து அனிட்டா ஒரு மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றி வந்து எங்கள் வாசலில் இறக்கினாள். வாயைப் பிரித்தால் பூஞ்சண நாற்றம் முகத்தில் அடித்தது.

"இதத் தின்ன மூணாம் நாளே என் கறவ செத்துப்போச்சுங்கய்யா. நசுருதீன் பாய் இந்தச் சரக்க விக்கிறத நிறுத்திட்டாரு. மத்த கடைக்காரங்க கவர்மெண்டு காயிதம் இருந்தாத்தான் நிறுத்துவாங்களாம். வெரசாப் பாத்து எழுதிக் குடுங்க. ஊர்ல எல்லாரும் இதத்தான் போடுறாங்க."

"நீங்க கொண்டாந்தா அது புகாரும்மா. நாங்க போய் எடுத்தாத்தான் மாதிரி. புகாருக்கு இந்தத் திட்டத்துல ஒதுக்கீடு இல்ல" என்றார் மகானுபாவர் ஜெயமுருகன்.

அவள் மூட்டையை வராந்தாவிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

இவர் போய் மாதிரிகளை எடுத்த லட்சணம் எனக்குத் தெரியும். தெரிந்த கடைக்காரர் ஒருவர், நல்ல மூட்டை ஒன்று. அதிலிருந்தே அறுபது பொட்டலம். அறுபது கடைப் பெயரை எழுதியவன் நான்தான். ஒப்பந்த ஊழியன், வெட்கமில்லாதவன். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பார்த்தால் ஒரு பொட்டலத்தை எலி தின்றிருந்தது. ஜெயமுருகன் வராந்தாவுக்குப் போய் அனிட்டாவின் மூட்டையில் ஒரு கை அள்ளி வந்தார். அந்தப் பொட்டலத்தில் மட்டும் கடைப் பெயருக்குப் பதில் அனிட்டா பெயரை எழுதச் சொன்னார்.

ஆய்வகச் சோதனையில் ஐம்பத்தொன்பது தேறியது. அறுபதாவதில் விஷம். மாதிரி யாரிடம் எடுக்கப்பட்டதோ அவர்மீது நடவடிக்கை என்பது விதி. அனிட்டாவுக்கு நோட்டீஸ் அடித்தேன்: பாதுகாப்பற்ற தீவனம் வைத்திருந்த குற்றத்துக்கு, சம்பந்தப்பட்ட கால்நடையுடன் நேரில் வரவும்.

வந்தாள். கையில் நோட்டீஸ்.

"கெட்டதுன்னு எழுதியிருக்கீங்க, சரி. கம்பெனி பேரு எங்கங்கய்யா? கடைக்காரங்க கேக்குறாங்க."

"பிரிச்ச மூட்டைக்குக் கம்பெனி பேரு போடக் கூடாதும்மா" என்றார் ஜெயமுருகன்.

"அதுக்குள்ள இன்னும் நாலு மாடு போச்சுய்யா!"

"அத விடுங்க. உங்க மாடு எங்க? கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தோமே?"

அனிட்டா முந்தானை முடிச்சை அவிழ்த்து, செத்த மாட்டின் காதிலிருந்து அறுத்தெடுத்த மஞ்சள் அடையாள வில்லையை மேசைமேல் வைத்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஜெயமுருகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வில்லையிலிருந்த பன்னிரண்டு இலக்கங்களையும் கவனமாகப் பதிவேட்டில் எழுதினார். பக்கத்தில், 'மாடு ஆஜர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.