ஒலிண்டாவில் மேலே போகும் வழி

பிரேசிலின் ஒலிண்டா நகரில், கார்னிவல் திருவிழாவின் கடைசி நாளான செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, ஈவோ புரூனிங் மூன்றாவது முறையாக நிவால்தோவின் கரும்புச்சாற்று வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

அவர் கிளம்பியது மலை உச்சியில் இருக்கும் தேவாலய முற்றத்துக்கு. கரும்புச்சாற்று வண்டி இருப்பதோ மலை அடிவாரத்தில். அவர் தங்கியிருந்த வாடகை அறை இரண்டுக்கும் நடுவே. அறை வாசலிலிருந்து முற்றம் முந்நூறு மீட்டர். மழை பெய்தாலும் ஏழு நிமிடத்தில் ஏறிவிடலாம். மூன்று முறையும் அவர் மேலே பார்த்துத்தான் நடந்தார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஆனாலும் மூன்று முறையும் கீழேதான் வந்து சேர்ந்தார். எப்படி என்பது அவருக்கு விளங்கவில்லை.

தெற்கே புளூமெனாவ் நகரில் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் ஈவோ. மேலே போகப் புறப்பட்ட ஒன்று கீழே வந்து நிற்பது அவருக்கு வெறும் தொல்லை இல்லை, தொழில்முறை அவமானம்.

"வாங்க சார், வாங்க. இந்தத் தடவை சீக்கிரமே வந்துட்டீங்க," என்றார் நிவால்தோ, கரும்பை உருளைக்குள் செருகியபடி. "போன தடவை நாப்பது நிமிஷம். இப்போ இருபத்தஞ்சு. பழகிட்டீங்க."

"நான் மேல போகணும், நிவால்தோ."

"எல்லாரும்தான் போகணும். இந்தாங்க, குடிங்க. உங்க இடது காலு ஷூ எங்க?"

ஈவோ குனிந்து பார்த்தார். வலது காலில் முனையில் இரும்புத் தகடு வைத்த வேலை ஷூ இருந்தது. கார்னிவலுக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்த ஆள் ஒலிண்டாவில் அவர் ஒருவர்தான். இடது காலில் காலுறை மட்டும். தொப்பி முதல் ஏற்றத்திலேயே போய்விட்டது. இரண்டாவது ஏற்றத்தில், தேவதை இறக்கை கட்டிய ஒரு பெண்மணி அவர் முகத்தின் பாதியில் நீலச்சாயம் பூசி, "இப்பதான் மனுஷன் மாதிரி இருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தாள். மூன்றாவதில், வெயிலில் வேகும் கூட்டத்துக்கு மாடி ஜன்னல்களிலிருந்து குழாய்த் தண்ணீர் பாய்ச்சுகிறார்களே, அதில் முழுதாக நனைந்தார். கூட்டம் அதைக் கேட்டு வாங்குகிறது. ஈவோ கேட்கவில்லை, அவருக்குத்தான் அதிகம் கிடைத்தது.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் மார்லீசி.

மார்லீசி அவருடைய ஒரே மகள். டிராம்போன் என்ற நீண்ட பித்தளைக் குழலை ஊதுபவள். பள்ளி நாளிலிருந்து அவள் மேடை ஏறியது பதினான்கு முறை. பதினான்கு முறையும் ஏதோ ஒரு கட்டடத்தில் யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள், ஈவோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். நான்கு வருடம் முன்பு அவள் வடக்கே வந்து, 'சோம்பேறிப் பல்லி' என்ற ஊர்வலக் குழுவின் வாத்தியப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். இந்த வருடம் ஈவோ ஓய்வு பெற்றார். வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது அவள், "வர்றேன்னு சொல்லாதீங்கப்பா. வந்தா வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, குழுவின் அறிவிப்புத் தாளில் போட்டிருந்தபடி சரியாக ஒன்பது மணிக்கு, மலையின் மறுபக்கத்தில் அவர்கள் கூடும் இடத்துக்கே போனார். அங்கே ஒரு நாய் மட்டும் இருந்தது. தாளில் போட்டிருந்தது கூடும் நேரம். கூடும் நேரம் என்றால், கூடலாமா என்று வீட்டில் எழுந்து யோசிக்கிற நேரம். ஊர்வலம் கிளம்ப அதற்குமேல் மூன்றரை மணி நேரம் ஆகும். இது ஒலிண்டாவில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஈவோ இடம் தவறிவிட்டோம் என்று நினைத்து வேறு தெருக்களில் தேடப் போனார். அவர் தேடிக்கொண்டிருந்தபோது பல்லி நிதானமாகக் கிளம்பிப் போய்விட்டது.

திங்கட்கிழமை புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். காலை எட்டு மணிக்கே உச்சி முற்றத்துக்குப் போய், சுவரோரம் நின்றுகொண்டார். அப்போதுதான் முற்றம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தது. மேலே ஏறிவரும் ஒவ்வொரு வாத்தியக் குழுவும் அங்கேதான் திரும்புகிறது. திரும்பும்போது, காரின் கண்ணாடியைத் துடைக்கிற தகடு மாதிரி, முற்றத்தில் இருப்பவர்களை வழித்துக்கொண்டு கீழே போகிறது. கால் மணிக்கு ஒரு குழு. ஒன்பதே காலுக்கு ஈவோ வழிக்கப்பட்டார். அன்று மகளிடமிருந்து வந்த செய்தி: "பரவாயில்லப்பா. நாளைக்கு உச்சி முற்றத்துல எனக்குத் தனி வாசிப்பு, பன்னெண்டு மணிக்கு. ஆளுங்க தலையில தூக்கிட்டு வர்ற ராட்சதப் பொம்மைங்க எல்லாம் கூடும்போது. அதோட முடிஞ்சுது."

அந்த 'பரவாயில்லப்பா' அவருக்கு ராத்திரி முழுக்க உறுத்தியது. பதினான்கு முறையும் அவள் சொன்னது அதே வார்த்தை.

இப்போது பதினொன்றே கால். தனி வாசிப்புக்கு முக்கால் மணி நேரம்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் நிவால்தோ. "நீங்க ஓரமா போறீங்க. மரியாதைக்கார ஆளுங்க எல்லாம் ஓரமாத்தான் போவாங்க. அதான் கீழ வர்றாங்க."

ஈவோவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. தெருவோ ஒடுக்கம். நடுவில் வாத்தியக் குழு வந்தால் ஓரத்தில் இருப்பவர் ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்க இருப்பது பக்கச் சந்து. ஒலிண்டாவின் பக்கச் சந்து ஒவ்வொன்றும் கீழ்நோக்கித்தான் போகிறது. சந்துக்குள் ஒருமுறை போய்விட்டால், மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

"அப்போ நடுவுல போகணும்," என்றார்.

"நடுவுல வாத்தியக்காரன் போவான். கொடி தூக்கறவன் போவான். உங்களுக்கு ரெண்டும் தெரியாதே."

பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது. ஆனால் பழுது தெரிவதும் லிஃப்ட் ஓடுவதும் ஒன்றல்ல. ஈவோ சாற்றைக் குடித்தபடி யோசித்தார். அப்போதுதான் வண்டிக்குப் பின்னால் கேட்ட முனகல் அவர் காதில் விழுந்தது.

அங்கே மூன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு பெண்மணி சுவரில் சாய்ந்திருந்தாள். பெரிய கண்ணாடி, கொண்டை, பூப்போட்ட பாவாடை, உதட்டில் கண்டிப்பு. அந்தத் தெருவில் நாற்பது வருடம் பாடம் நடத்தி இறந்துபோன நேனா டீச்சரின் உருவப் பொம்மை. அவள் காலடியில், கணுக்காலைப் பிடித்தபடி, பெயின்டர் பியூ உட்கார்ந்திருந்தான். வருடா வருடம் பொம்மையைத் தூக்குகிறவன் அவன்தான்.

"கல்லுல கால் மடங்கிடுச்சுண்ணே," என்றான். "தோள் வாரும் அறுந்துபோச்சு. மாத்தி தூக்க வேண்டியவன் நேத்து குடிச்சது இன்னும் தெளியல. பன்னெண்டுக்கு டீச்சர் மேல இருக்கணும். பொம்மைங்க எல்லாம் வந்து டீச்சர் வரலைன்னா தெருவுல என்னை உரிச்சிடுவாங்க."

ஈவோ அதைக் கேட்டாரா என்பது சந்தேகம். அவர் ஏற்கெனவே பாவாடையைத் தூக்கி உள்ளே தலையை நுழைத்திருந்தார்.

உள்ளே அழகான வேலைப்பாடு இருந்தது. இலேசான மரச்சட்டம், அதன் எடை பாதி தலையிலும் பாதி தோளிலும் இறங்குகிறது. தலைக்குத் துணியைச் சுருட்டி வைத்த சும்மாடு. தோளுக்கு இரண்டு வார். வயிற்றுப் பக்கம் வலை போட்ட ஒரு ஜன்னல். தூக்குகிறவன் உலகத்தைப் பார்ப்பது டீச்சரின் தொப்புள் வழியாக. முகம் காகிதக் கூழால் செய்தது, பார்க்கப் பெரிதாக இருந்தாலும் கனமில்லை. கைகளுக்கு மூட்டே கிடையாது. தோளிலிருந்து சும்மா தொங்குகின்றன, விரல்களில் மட்டும் மணல் கட்டியிருக்கிறது. தூக்குகிறவன் சுழன்றால் கைகள் தாமாக விரிந்து, சுற்றிலும் இரண்டு மீட்டருக்கு வீசி அறையும்.

"இது யாரையாவது அடிக்குமா?" என்று பாவாடைக்குள்ளிருந்து கேட்டார்.

"அடிக்கும்ணே. அதான் எல்லாரும் தள்ளி நிப்பாங்க."

பாவாடைக்குள் வாரைச் சுண்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு ஈவோவின் நீலமும் வெள்ளையுமான முகம் வெளியே வந்தது.

"எத்தனை கிலோ?"

"முப்பத்திரண்டு. ஏன்?"

ஈவோ தன் இடுப்புப் பெல்டைக் கழற்றினார். அறுந்த வாருக்குப் பதிலாக அதைக் கோத்து, கொக்கியைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கால்சட்டை இறங்கப் பார்த்தது. நிவால்தோ கரும்புக் கட்டைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். ஷூ இல்லாத காலுக்குத் தன்னுடைய பச்சை ரப்பர் செருப்பையும் தள்ளிவிட்டார்.

"சார், திருப்பிக் கொண்டாங்க. நாலாவது தடவை இங்கதானே வரப்போறீங்க."

பியூவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அண்ணே, தெற்குல பொம்மை எல்லாம் தூக்குவீங்களா?"

"லிஃப்டோட எதிர்எடை தூக்குவேன்."

"அது ஆடாதே."

"ஆடினா செத்துப்போவோம். இது ஆடினா என்ன ஆகும்?"

"சிரிப்பாங்க."

"அப்போ இது சுலபம்."

சுலபமாக இல்லை. முதல் பத்து அடியில் டீச்சர் ஒரு வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த உள்ளாடைகளைக் கொண்டையில் மாட்டிக்கொண்டாள். ஒற்றைக் காலில் நொண்டியபடி பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்த பியூ கத்தினான்: "குனியாதீங்கண்ணே! உட்காருங்க! முட்டியை மடக்கி உட்காருங்க!"

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. இடுப்பை வளைத்துக் குனிந்தால் மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் தலை இரண்டு மீட்டர் முன்னால் போய் யார்மேலாவது விழும். முட்டியை மடக்கினால் டீச்சர் நேராக, கௌரவமாக இறங்குவாள். லிஃப்டும் அப்படித்தான் இறங்கும். அது புரிந்ததும் ஈவோவின் கால்கள் பழகிக்கொண்டன. மின்கம்பி வரும் இடமெல்லாம் பியூ "கம்பி!" என்பான்; டீச்சர் ஒரு முழம் இறங்கி, கம்பிக்கு அடியில் போய், மறுபடி ஏறுவாள். தெரு கைதட்டும்.

அப்புறம் அந்த அதிசயம் நடந்தது. மூன்று முறை அவரைச் சந்துக்குள் தள்ளிய அதே கூட்டம் விலகியது. விலகியதோடு வழியும் காட்டியது.

"டீச்சர் வர்றாங்க! தள்ளுங்கடா, டீச்சர் வர்றாங்க!"

"டீச்சர், நான் வீட்டுப்பாடம் எழுதல!"

"டீச்சர், இவனைப் பாஸ் போடாதீங்க, இவன் என் புருஷன்!"

தேவதை இறக்கைப் பெண்மணி டீச்சரின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் "போங்க சார், ஓரமா போங்க" என்று அவரைச் சந்துக்குள் அனுப்பிய போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். ஈவோ தொப்புள் வழியாக எல்லாவற்றையும் பார்த்தார். மரியாதையாக நடந்த மனிதருக்கு முந்நூறு மீட்டரில் ஒரு மீட்டர்கூடக் கொடுக்காத ஊர், காகிதக் கூழுக்கு முழுத் தெருவையும் கொடுத்தது. இதில் வருத்தப்பட அவருக்கு நேரமில்லை. வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது டீச்சர் உச்சிக்கு வந்தாள். முற்றம் முழுக்கப் பொம்மைகள்: மேயர், மீன்காரி, முடிதிருத்துகிறவர், மீசைக்காரக் காவலாளி. நடுவே சோம்பேறிப் பல்லியின் வாத்தியக்காரர்கள். முரசுகள் நின்றன. மார்லீசி ஓரடி முன்னால் வந்து டிராம்போனைத் தூக்கினாள்.

ஈவோ வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டார். முதல் முறை கேட்கிறார். நன்றாக வாசிக்கிறாளா என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு பொருள் அதன் வேலையைச் சரியாகச் செய்யும்போது வரும் சத்தம் அவருக்குத் தெரியும். இது அந்தச் சத்தம்.

முடிந்ததும் கூட்டம் அலறியது. மார்லீசி வாத்தியத்தைக் கீழே இறக்கிவிட்டு, முற்றத்தின் ஓரங்களைப் பார்த்தாள். சுவரோரமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஊதும் முனையைச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தாள்.

"மார்லீசி!" என்று ஈவோ கத்தினார். துணியும் காகிதமும் அதை விழுங்கிவிட்டன. கைதட்டலாம் என்றால் இரண்டு கையும் சட்டத்தில். வேறு வழியில்லாமல் ஒரு சுற்றுச் சுழன்றார். டீச்சரின் வலது கை விரிந்து, மேயரைப் பளாரென்று கன்னத்தில் அறைந்தது.

முற்றமே சிரித்தது. மார்லீசியும் திரும்பினாள். டீச்சரைப் பார்த்தாள், அப்புறம், சுழற்சியில் மேலே எழும்பிய பாவாடைக்கு அடியில் பார்த்தாள். ஒரு காலில் பச்சை ரப்பர் செருப்பு. மறு காலில், முனையில் இரும்புத் தகடு வைத்த வேலை ஷூ.

அவள் நேராக நடந்து வந்து, டீச்சரின் வயிற்றுக்கு முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அப்பா?"

"கேட்டேன். முழுசா கேட்டேன். நடுவுல ஒரு இடத்துல மூச்சு வாங்கினே."

"அது மூச்சு இல்லப்பா, அங்க இடைவெளி இருக்கு." அவள் வலைக்குள் எட்டிப் பார்த்தாள். "முகத்துல என்ன நீலமா? வெளிய வாங்க."

"வர முடியாது. என் பெல்ட் இதுலதான் இருக்கு."

அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி சிரித்தாள். "மேல எப்படிப்பா வந்தீங்க? எங்க டிரம்மர் பொண்டாட்டியே நாலு வருஷமா வர முடியாம கீழ நிக்கறா."

ஈவோ சும்மாட்டைத் தலையில் சரிசெய்துகொண்டு, புது லிஃப்டை எப்படி இயக்குவது என்று குடியிருப்பவர்களுக்குச் சொல்லும் குரலில் சொன்னார்:

"ஓரமா நடந்து ஏற முடியாது, ஓரத்துல இருக்கறவங்களைச் சந்து கீழ இறக்கிடும். முன்னாலயே வந்து நிக்கவும் முடியாது. திரும்பற குழு வழிச்சிட்டுப் போயிடும். கூட்டத்துக்குப் பார்க்கப் பிடிச்ச ஒண்ணைத் தலையில தூக்கிக்கணும். நடுத்தெருவுல நடக்கணும். கம்பி வந்தா குனியாம முட்டியை மடக்கணும். பதினெட்டு நிமிஷம் ஆகும்."